இரண்டு படங்களுக்கு இடையே: உயிரியல் கற்பித்தலில் மாதிரிகள்



பணிக்காலம் முழுவதும் வகுப்பறையிலேயே நின்ற ஓர் உயிரியல் ஆசிரியரின் நினைவாக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே உயிரியல் எத்தனை வியப்பானது என்று பேசுவதைவிட, அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் வேலையில் உள்ள ஒரு சிக்கலைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன்.

உயிரியல் ஆசிரியர்களாகிய நாம் நடத்தும் பாடத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பதில்லை. செல் கண்ணுக்கு எட்டாத அளவில் இருக்கிறது. இதயம் உடம்புக்குள் மறைந்திருக்கிறது. பரிணாமம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்காத நிகழ்ச்சி. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலியை வைத்துக்கொண்டு நடத்துகிறோம். படம், தெர்மாகோல் மாதிரி, வரைபடம், அட்டவணை, விகிதம், கைபேசியில் ஓடும் காணொளி எல்லாமே பதிலிகள்தான். எந்தப் பதிலியும் ஒன்றைக் காட்டுவதற்காக வேறு பலவற்றை மறைத்தே ஆக வேண்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. எதையும் மறைக்காத படம் எதையும் விளக்காது. ஆனால் ஒரே ஒரு பதிலியைக் கொடுத்து நிறுத்திவிட்டால், பிள்ளை அந்தப் பதிலியையே பொருளாக எடுத்துக்கொள்கிறது. இரண்டைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகச் சொல்லும்போதுதான் அது யோசிக்கத் தொடங்குகிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு கருத்துதான்.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் சென்னையிலேயே, கிண்டியில் நடந்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், முப்பது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரை இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக அழைத்துவந்தார். அவர்தான் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, பிறகு கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்து திரும்பியவர். சென்னைக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் ஒரு புதிரைச் சொன்னார்: கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. நம் தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொலாஜன். உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கும் மேல் அதுவே. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. தோல் என்றாலே கொலாஜன் என்பதால் ஆய்வுக்கு வேண்டிய பொருளும் அங்கிருந்து கிடைத்தது.

ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது உயிரியல் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய செய்தி. அவர்கள் கையில் எக்ஸ் கதிர்ப் படம் இருந்தது. அதில் தெரிவது சில மங்கலான வளைவுகளும் புள்ளிகளும்தான். புரதத்தின் வடிவத்தை அது நேராகக் காட்டாது. சுருள் போன்ற ஒன்று இருக்கிறது, அதில் இன்ன இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மட்டும் சொல்லும். இன்னொரு பக்கம் வேதியியல் பகுப்பாய்வு இருந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம் என்று அது சொன்னது. ஏன் அப்படி என்பதை அட்டவணை சொல்லாது. அவர்கள் பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு மாதிரி கட்டத் தொடங்கினார்கள். மூன்று இழைகளைப் பக்கம் பக்கமாக வைத்து இணைத்துப் பார்த்தபோது, நடுவில் மிகக் குறுகிய இடமே மிஞ்சியது. ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மேல் அங்கே எதுவும் நுழையாது. பக்கச் சங்கிலியாக ஹைட்ரஜன் ஒன்றை மட்டுமே கொண்ட அமினோ அமிலம் கிளைசின். ஆக, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுவே வந்தாக வேண்டும். அட்டவணையில் வெறும் விகிதமாகக் கிடந்ததற்கு மாதிரி காரணம் சொல்லிவிட்டது. 1954-இல் ‘நேச்சர்’ இதழில் அந்தக் கட்டுரை வெளியாயிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை நான் இவ்வளவு நேரம் சொல்லியிருக்க மாட்டேன். மறு ஆண்டே அவர்கள் தங்கள் மாதிரியைத் தாங்களே திருத்தினார்கள். மூன்று இழைகளும் நேராக நிற்பதில்லை, ஒரு பொது அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு மேலே போகின்றன என்பது 1955-இன் திருத்தம். அதே காலத்தில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் ஓர் எதிர்ப்பை முன்வைத்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு இருக்க முடியாது, ஒன்றுதான் என்றார்கள். அந்தக் குறிப்பிட்ட புள்ளியில் அவர்கள் சொன்னதே சரி என்பது பின்னாளில், 1994-இல், கொலாஜன் போன்ற ஒரு சிறு புரதத் துண்டின் படிகத்தை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று.

அந்த எதிர்ப்பை ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதம்தான் அறிவியலுக்குப் பெரிய கொடையாக முடிந்தது. எதிர்ப்பை வெறும் வாதத்தால் அவர் மறுக்க முனையவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கே போனார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, அணுக்களுக்கு இடையேயான தொலைவுகளை அலசினார். பிறகு வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, புரத இழை ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களில் திரும்ப முடியும் என்பதை அடிப்படையாக வைத்து ஒரு கட்டம் வரைந்தார். ஒரு கோணம் கிடை அச்சில், மற்றது செங்குத்து அச்சில். அணுக்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கக்கூடிய கோணச் சேர்க்கைகளை மட்டும் அதில் குறித்தார்கள். கட்டத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. சில திட்டுகள் மட்டும் மிஞ்சின. புரதங்களின் சுருளும் தகடும் அந்தத் திட்டுகளுக்குள்ளேயே விழுந்தன. 1963-இல் வெளியான அந்த வரைபடத்துக்கு இன்று உலகம் முழுவதும் அவர் பெயர்தான். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறியும் எவரும், தாம் கண்டது சரிதானா என்று அதில் வைத்துப் பார்க்காமல் வெளியிடுவதில்லை.

கதிர்ப் படம், அட்டவணை, பந்துக் குச்சி மாதிரி, கோணங்களின் வரைபடம் என்று ஒரே பொருளுக்கு எத்தனை உருவங்கள் என்று பாருங்கள். ஒன்று சொல்ல முடியாததை மற்றொன்று சொன்னது. ஒன்று செய்த பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. மாதிரியை முடிந்த முடிவென்று அவர்கள் ஒருநாளும் கும்பிடவில்லை. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு இன்றும் ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’, அதாவது முச்சுருள், என்றுதான் பெயர். அடையாறு பக்கம் போகும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

கல்வி ஆய்வாளர்களும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன், கண்ணால் காண்பது, கண்ணுக்கு எட்டாத துகள் அளவில் நடப்பது, குறியீட்டில் எழுதுவது என்ற மூன்று தளங்களில் வேதியியல் ஆசிரியர் ஒரே மூச்சில் தாவுகிறார், மாணவர் அங்கேதான் தடுமாறுகிறார் என்று எடுத்துக்காட்டினார். ஆஸ்திரேலியாவின் டேவிட் ட்ரீகஸ்ட்டும் சீ-யான் சூயும் 2013-இல் தொகுத்த நூல் உயிரியலுக்கு இதை விரித்துப் பேசுகிறது. நம் பாடத்தில் செல்லின் தளம் கூடுதலாகச் சேர்ந்துகொள்வதால் சுமையும் கூடுகிறது. ஒரு நாற்பது நிமிட வகுப்பில் “உயரமான பட்டாணிச் செடி” என்று தொடங்கி, குரோமோசோமுக்கு இறங்கி, டி.என்.ஏ.வைத் தொட்டு, 3:1 என்று எழுதி முடித்துவிடுகிறோம். நான்கு தளங்களைக் கடந்துவிட்டோம். நமக்குப் பழகிப்போனதால் கடந்ததே தெரிவதில்லை.

செல் பிரிதலை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று சம அளவில் வட்டங்கள் இருக்கும். அதைப் பார்க்கும் பிள்ளை மனத்தில் இரண்டு எண்ணங்கள் பதிகின்றன. செல் ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று போகிறது என்பது ஒன்று. எல்லா நிலைக்கும் சமமான நேரம் என்பது மற்றொன்று. புத்தகம் எங்கும் அப்படிச் சொல்லவில்லை, படத்தின் அமைப்பு சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தை எத்தனை முறை வரையச் சொன்னாலும் எண்ணம் மாறாது. வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரின் வாயில் உட்காரவைத்து, வேர் விட்டதும் நுனியைக் கிள்ளிச் சாயமேற்றி, நசுக்கி, நுண்ணோக்கியில் வைக்கச் சொல்லுங்கள். நூறு செல்களை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலானவை பிரியாமல் இடைக்கால நிலையில் இருக்கும். பிரிந்துகொண்டிருப்பவை சிலவே, அவற்றிலும் புரோஃபேஸ் நிறைய, அனாஃபேஸ் அரிது. “ஏன் அனாஃபேஸ் கிடைக்கவே மாட்டேன் என்கிறது?” என்று ஒரு பிள்ளை சலித்துக்கொண்டால் பாடம் அங்கே தொடங்கிவிட்டது. அரிதாகக் கிடைப்பது விரைவாக முடிந்துவிடுவது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும். இடத்தில் எண்ணியது காலத்தின் அளவாக மாறுகிறது. பிறகு அந்த எண்ணிக்கைகளைப் பட்டை வரைபடமாக்கி, புத்தகப் படத்தின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதைப் பிள்ளைகள் எழுதட்டும்.

குரோமோசோம் என்றாலே பெருக்கல் குறி போல வரையும் பழக்கமும் இப்படி வந்ததுதான். அது இரட்டிப்பான பிறகுள்ள வடிவம். செல்லின் வாழ்நாளில் ஒரு சிறு பொழுது மட்டுமே அப்படித் தெரியும். இரண்டு நிறக் கம்பளி நூலைக் கொடுத்து, ஒற்றை நூலில் தொடங்கி, இரட்டித்து, கட்டி, பிரித்துக்காட்டச் சொன்னால் இது ஒரே வகுப்பில் தெளிந்துவிடும்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இதை ஏற்கெனவே செய்கிறீர்கள். படத்தில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் தீட்டுகிறோம். இரத்தம் உண்மையிலேயே நீலம் என்று நம்பும் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பு வரை இருக்கிறார்கள். கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, குறுக்கே அறுத்துக் காட்டினால் போதும், நீலம் எங்கும் இருக்காது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருப்பதை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு நாடியை எண்ணி, ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்று பெருக்கச் சொன்னால், நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம் ஓடும் கணக்கு வரும். இதயத்துக்கு எவ்வளவு வேலை என்பது எண்ணில் தெரியும். தொட விரும்பாத பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் கணக்கையும் படத்தையும் வைத்துப் பங்கேற்கட்டும்.

அளவு என்பது படங்கள் மறைக்கும் இன்னொரு செய்தி. பொருட்காட்சிக்கு வரும் டி.என்.ஏ. மாதிரிகள் எல்லாம் இரண்டடி உயர ஏணியாகவே நிற்கின்றன.  பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பேன். மனித செல்லின் உட்கரு ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் குறுக்களவு கொண்டது. அதைப் பத்து லட்சம் மடங்கு பெருக்கினால் 6 மீட்டர், அதாவது நம் வகுப்பறையின் அளவு. 2 நானோமீட்டர் தடிப்புள்ள டி.என்.ஏ. இழை அதே கணக்கில் 2 மில்லிமீட்டர் தடித்த கயிறாகும். ஒரு செல்லின் மொத்த டி.என்.ஏ. நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அது 2,000 கிலோமீட்டர் ஆகும். பூந்தமல்லியிலிருந்து கிளம்பினால் டெல்லியை நெருங்கிவிடும் நீளம். அவ்வளவு கயிறும், 46 துண்டுகளாக, இந்த அறைக்குள் சிக்கில்லாமல் இருக்க வேண்டும், வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்கவும் முடிய வேண்டும். ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி டி.என்.ஏ. ஏன் சுற்றப்பட்டிருக்கிறது என்ற பாடத்துக்கு இதைவிடச் சிறந்த முன்னுரை எனக்குத் தெரியாது. இதற்குக் காசும் தேவையில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும்.

மெண்டலின் விகிதத்துக்கு வருவோம். அவர் ஆஸ்திரியப் பேரரசின் புருன் நகர மடத்தில் பட்டாணியை வளர்த்து 1866-இல் வெளியிட்ட எண்கள் நமக்குக் கிடைக்கின்றன. உருண்டை விதைகள் 5,474, சுருங்கியவை 1,850. வகுத்தால் 2.96 வரும், சரியாக மூன்று வராது. நாமோ நான்கு கட்டம் போட்டு மூன்றுக்கு ஒன்று என்று எழுதிவிடுகிறோம். நான்கு பிள்ளை பிறந்தால் ஒருவருக்குக் கட்டாயம் அந்தப் பண்பு வரும் என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். மரபு நோயுள்ள குடும்பத்தில் இந்தத் தவறான எண்ணம் எத்தகைய முடிவுகளுக்குக் கொண்டுபோகும் என்று சற்று நினைத்துப் பாருங்கள்.

தாயம் ஆட நம் பாட்டிமார் ஒரு பக்கம் தேய்த்து வைத்த புளியங்கொட்டை இதற்கு உதவும். கறுப்பு முகம் ஓங்கு அல்லீல், தேய்த்த வெள்ளை முகம் ஒடுங்கு அல்லீல். தாய்க்கு ஒரு கொட்டை, தந்தைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து உருட்ட வேண்டும். இரண்டும் வெள்ளையாக விழுந்தால் மட்டும் ஒடுங்கு பண்பு. நான்கு முறை உருட்டினால் ஒரு குழுவுக்கு நான்கும் ஓங்கு பண்பாக வரும், இன்னொரு குழுவுக்கு இரண்டுக்கு இரண்டு வரும். சரியாக மூன்றுக்கு ஒன்று விழுவது, கொட்டைகள் சமமாக விழுந்தாலும், நூற்றுக்கு 42 தடவை மட்டுமே. வகுப்பு முழுவதன் எண்களையும் கரும்பலகையில் கூட்டும்போது விகிதம் மெல்ல மூன்றை நோக்கி வரும். சில சமயம் வராது. கொட்டை ஒரு பக்கமாகவே அதிகம் விழுகிறதோ என்று பிள்ளைகள் சந்தேகப்பட்டால் மிகவும் மகிழுங்கள். ஒவ்வொரு கொட்டையையும் தனியே ஐம்பது முறை உருட்டிச் சோதிக்கட்டும். ரிச்சும் கிரிக்கும் சென்னை மாதிரியிடம் கேட்ட கேள்வியைத்தான் அவர்கள் புளியங்கொட்டையிடம் கேட்கிறார்கள்.

நம் வட்டாரத்து ஏரிகளுக்கும் ஒரு வார்த்தை. உணவு வலை வரையச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் அம்புக்குறியைத் திருப்பிப் போடுகிறார்கள், கொக்கிலிருந்து மீனுக்கு. கொக்குதானே மீனைத் தின்கிறது என்பது அவர்கள் நியாயம். இதைக் கவனக்குறைவு என்று நாம் அடித்துவிடுகிறோம். கொஞ்சம் யோசித்தால், அம்புக்குறிக்கு நாம் பக்கத்துக்குப் பக்கம் வேறு பொருள் கொடுத்திருக்கிறோம். உணவு வலையில் அது ஆற்றல் போகும் திசை. இரத்த ஓட்டத்தில் அது பொருள் போகும் வழி. வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழலில் அது காலம். படத்தில் பாகம் குறிக்கும்போது அது வெறும் சுட்டுவிரல். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. பாரிவாக்கம் ஏரிக்கரைக்கோ பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கோ அழைத்துப்போங்கள். ஆகாயத்தாமரை, பாசி, சிலேபி, நாமக்கோழி, நீர்க்காகம் என்று பார்த்ததை எழுதட்டும். அதே பட்டியலை ஒரு முறை “யார் யாரைத் தின்கிறது” என்றும், மறுமுறை “ஆற்றல் எங்கே போகிறது” என்றும் வரையட்டும். பிறகு உயிர்களின் எண்ணிக்கையைக் கோபுரமாக அடுக்கட்டும். ஒரு சொட்டு ஏரி நீரைப் பார்க்க மனு பிரகாஷின் குழு ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 2014-இல் அறிவித்த மடிப்புக் காகித நுண்ணோக்கி, ஃபோல்டுஸ்கோப், 140 மடங்கு பெருக்கிக் காட்டும். கோபுரத்தின் அடித்தட்டு அந்தச் சொட்டில் இருக்கிறது.

காணொளிகளைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுக்கும் செய்முறையைப் படிப்படியாகக் கைவிடச் சொன்ன பிறகு, திரையில் தவளையை அறுக்கும் மென்பொருள்கள் நம் வகுப்புகளில் பரவின. உயிரைக் காக்கும் அந்த முடிவை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் திரையில் ஒவ்வொரு உறுப்பும் முன்கூட்டியே நிறம் தீட்டப்பட்டு, பெயர் ஒட்டப்பட்டு வருகிறது. தேடிப் பிரித்தறியும் வேலை பிள்ளைக்கு மிஞ்சுவதில்லை. அதனால் அதை மட்டும் காட்டி விடாமல், பெயரில்லாத ஒரு புகைப்படத்தையும் ஒரு களிமண் மாதிரியையும் சேர்த்து வையுங்கள்.

தடை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். “படம் வரைந்து பாகங்களைக் குறி” என்ற வினாவுக்கு ஒரே ஒரு படம் மனப்பாடமாக இருந்தால் மதிப்பெண் வந்துவிடும். கண்காட்சிக்கான தெர்மாகோல் செல் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது, பெற்றோர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வு வினாத்தாளை நாம் மாற்ற முடியாது. நாம் எழுதும் மாதத் தேர்வு வினாத்தாள் நம் கையில்தான் இருக்கிறது. “இந்த வரைபடத்தைப் பார்த்து அதற்குரிய செல்லை வரை”, “இந்தப் படம் காட்டாதது எது?”, “இந்த இரண்டு மாதிரிகளில் எது எந்தக் கேள்விக்குப் பயன்படும்?” என்று ஒரே ஒரு வினா வையுங்கள். இரண்டு மதிப்பெண் போதும். மதிப்பெண் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள், பெற்றோரும் வருவார்கள்.

இந்த வட்டாரத்து ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வரும் பருவத்தில் ஆளுக்கொரு பாடத்தை எடுத்து, அதற்கு இரண்டு பதிலிகளையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகச் சொல்லும் ஒரு கேள்வியையும் தயாரியுங்கள். பிள்ளைகள் தந்த விடைகளை, தவறான விடைகளையும் சேர்த்து, எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வரும்போது அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் காட்டுங்கள்.